அரக்குக் குஞ்சம்

பட்டு இழையில் தெளித்த அரிசிக் கஞ்சி வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் ஈரத்துணி, கொஞ்சம் பொங்கி வழிந்த சோறு என்று எதில் சேர்ப்பது என்றே தெரியாத அந்த வாசனை, மழை விட்ட மார்கழிக் காலைகளில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நின்றுகொண்டிருக்கும். கிறிஸ்துமஸ் என்றால் மற்றவர்களுக்குக் கேக் வாசனை நினைவுக்கு வருமாம். எனக்கு இந்தக் கஞ்சி வாசனைதான் வருகிறது. ஏன் என்று கேட்டால் ஒரு கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்கும் முன்னால் எங்கள் ரூபி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. கடைக்கோடியில் மட்டும் தறியில்லாத நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள், அவற்றில் ஒன்று எங்களுடையது. எங்கள் தாத்தா ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார், எதிர்வீட்டு எட்வினுடைய அப்பா சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார், நாங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையானால் தலையில் எண்ணெய் வழிய ஞாயிறு பள்ளிக்குப் போய் ரூபி டீச்சர் முன்னால் பாயில் உட்கார்ந்தோம். டீச்சருக்கு நெட்டையான உடம்பு, உரத்த குரல், எப்போதும் ஏதாவது ஒரு புது யோசனை. அந்த வருஷம், அறுபதுகளின் கடைசியில், மழைக்காலம் தொடங்கும்போது அவருக்கு வந்த யோசனைதான் "நல்ல காரியம்".

ஒரு பிள்ளை யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்தால், விரலில் ஒரு சுற்றுச் சுற்றும் அளவுக்குப் பட்டு இழை கொடுப்பார். அதை மற்ற இழைகளோடு சேர்த்து முடிந்து, ஊக்கில் கோத்து, இடது தோளில் குத்திக்கொள்ள வேண்டும். நாளாக ஆக அது குஞ்சமாகப் பருக்கும். கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு யாருடைய குஞ்சம் பருமனாக இருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் நாடகத்தில் தேவதூதன். அந்த வேஷத்துக்கு அட்டையில் செய்து ஓரத்தில் சரிகை ஒட்டிய இரண்டு சிறகுகள் டீச்சர் வீட்டுப் பரணில் இருந்தன. போன வருஷ நாடகத்தில் எனக்கு ஆடு வேஷம். அரிக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முழு நாடகத்திலும் ஒரே ஒரு "மே" சொல்லிவிட்டு, அண்ணாந்து அந்தச் சிறகுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். இந்த வருஷம் அது எனக்குக் கிடைக்காவிட்டால் உயிரோடிருந்து பயனில்லை என்று நினைத்தேன்.

இழைகளை டீச்சர் வாங்கி வந்தது எங்கள் தெருவிலேயே இருந்த நாகப்பன் வீட்டில். அவரைத் தெருவே "நைனா" என்று கூப்பிடும். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அப்போது அவருக்கு ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வந்திருந்தது: அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் தையில் கல்யாணம், இரண்டு பேருக்கும் அச்சடித்த மாதிரி ஒரே அரக்கு நிறத்தில் புடவை வேண்டுமாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சாயம் போட்டு வாங்கி வந்திருந்தார். அக்காள் புடவையை நெய்து அறுத்த பிறகு தறியில் மிஞ்சிய துண்டு இழைகளை, "பசங்களுக்குத்தானே டீச்சரம்மா, எடுத்துக்கினு போங்க" என்று நைனா மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிட்டார். ஆகவே எங்கள் நற்செயல்கள் எல்லாமே அரக்கு நிறமாக இருந்தன.

அதற்குப் பிறகு அந்தத் தெரு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நல்லது செய்ய வேண்டுமென்று கிளம்பிய ஒரு பிள்ளைக் கூட்டத்திடமிருந்து தப்புவது லேசான காரியமில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளையெல்லாம் மழை வரும் என்று நாங்களாகவே எடுத்து மடித்து, யாருடையது எது என்று தெரியாமல் கலந்து கொடுத்தோம். மழை வரவில்லை. காணாமல் போகாத ஆட்டைக் கண்டுபிடித்து, அது கதறக் கதறத் தோளில் தூக்கிக்கொண்டு போய், அதன் வீட்டிலேயே விட்டோம். எட்வின் ஒரு விடியற்காலையில் வாசல்களைச் சுத்தம் செய்கிறேன் என்று புறப்பட்டு, மார்கழிக் கோலத்து நடுவில் சாணியில் செருகியிருந்த பூசணிப் பூக்களைப் பொறுக்கிக் குப்பையில் கொண்டு போய்ப் போட்டுவிட்டான். நைனாவின் மனைவி கன்னியம்மா அக்கா, துடைப்பத்தோடு தெரு நடுவில் வந்து நின்றார்.

"எவன்டா எம் பூவ எடுத்தது? நல்லது பண்றானாம் நல்லது! இனிமே எவனாச்சும் நல்லது பண்றேன்னு என் வூட்டாண்ட வந்தீங்க, காலை ஒடிச்சுடுவேன், ஆமா!"

இதில் பெரிய சிரமம், பலன் பெற்றவர் டீச்சரிடம் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைதான். கன்னியம்மா அக்காவிடம் அந்த வார்த்தையை வாங்க முடியாது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நைனாவோ, டீச்சர் ஜன்னலில் நின்று எதைக் கேட்டாலும், தலையை நிமிர்த்தாமலே, "நல்லாத்தான் பண்ணாங்கமா, எல்லாப் பசங்களுமே நல்லாத்தான் பண்ணாங்க" என்று சொல்லிவிடுவார். அவர் புண்ணியத்தில் குஞ்சங்கள் பருத்தன. எட்வினுடையதும் என்னுடையதும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன. எந்நேரமும் நான் அவன் தோளைப் பார்த்தேன், அவன் என் தோளைப் பார்த்தான்.

நடுவில் ஒரு ஞாயிறு எங்கள் ஐயர் பிரசங்கத்தில், தர்மம் செய்யும்போது முன்னால் எக்காளம் ஊதிக்கொண்டு போவது ஆண்டவருக்குப் பிடிக்காது என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். எங்கள் சபையில் ஐயர் என்று போதகரைத்தான் சொல்வோம். நாங்கள் பாயில் உட்கார்ந்தபடி ஒருவரை ஒருவர் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். எங்களிடம் எக்காளம் இல்லை, குஞ்சம்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டி இருக்கும். அம்மா உலைக்கு அரிசி களையும் முன்னால் ஒவ்வொரு வேளையும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தச் சட்டியில் போடுவார். "பிடி அரிசி" என்று அதற்குப் பெயர். சபைப் பெண்கள் எல்லோரும் போடுவார்கள். மாதக் கடைசியில் சபைக் கோயிலில் ஒரே சாக்கில் கொட்டுவார்கள், அது யார் வீட்டுக்குப் போகிறது என்று கொட்டியவர்களுக்குத் தெரியாது, யார் வீட்டிலிருந்து வந்தது என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலேயே மாதக் கடைசியில் குருணைக் கஞ்சிதான், ஆனாலும் அந்தப் பிடி நிற்காது. எனக்கு அப்போது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் குஞ்சம் என்பதால், இத்தனை பிடிக்கும் இழை கொடுத்திருந்தால் அம்மா தோளே சாய்ந்திருக்குமே என்று வயிறு எரிந்தது.

"ஏம்மா, இவ்ளோ அரிசி போடறியே, ஆண்டவர் திருப்பிக் குடுப்பாரா?"

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அவரு குடுக்கறதெல்லாம் மொதல்லயே குடுத்துட்டாருடி. இனிமே நான் என்னாத்தக் கேக்கறது? மனசு நெறஞ்சு போச்சுன்னா கை சும்மா இருக்காது, அவ்ளோதான். நவுரு, பொக கண்ணுல படுது."

அது எனக்குப் புரியவில்லை. புரியாததை மனதில் வைத்துக்கொள்ளும் வயதுமில்லை. நான் வெளியே ஓடிப்போய் யாருக்கு நல்லது செய்யலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

இப்படியாக அந்தக் கடைசி ஞாயிறு வந்தது. பல நாள் விடாமல் பெய்த மழை நின்று அன்றைக்குத்தான் முதல் வெயில். மழை விட்டால் தெருவில் பாவு விரிப்பார்கள். புடவையின் நீளவாட்டு இழைகள் மொத்தத்துக்கும் பாவு என்று பெயர். அதைத் தெரு நீளத்துக்கு மூங்கில் கழிகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயிலில் காய வைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். பாவு விரிந்திருக்கும் நேரத்தில் தெருவுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார், காற்றடித்தால் பக்கத்தில் இருக்கிறவர் யாரானாலும் ஓடிவந்து கழியைப் பிடிப்பார், பிடித்தவருக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், அவரும் எதிர்பார்க்க மாட்டார். அன்றைக்கு நைனா விரித்திருந்தது தங்கையின் கல்யாணப் பாவு. மழையால் ஏற்கெனவே தாமதம். குறித்த நாளில் புடவை போய்ச் சேராவிட்டால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று ஆர்டர் கொடுக்கும் பட்டுக்கடை முதலாளி சொல்லியனுப்பியிருந்தது தெருவுக்கே தெரியும்.

நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் வெளுத்த உடுப்பும் தோளில் குஞ்சமுமாக, பாவின் ஓரமாகக் கோயிலுக்குப் புறப்பட்டோம். கணக்கெடுப்பு நாள். எட்வின் என் குஞ்சத்தை ஒரு பார்வை பார்த்தான், தன்னுடையதை ஒரு பார்வை பார்த்தான், முகம் சுருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நைனா வீட்டுக் கன்றுக்குட்டி, கயிறு முளையில் சுற்றிச் சுற்றிக் குட்டையாகி, கழுத்தைத் திருப்ப முடியாமல் "ம்மா" என்றது.

"பாவம்பா அது," என்றான் எட்வின். பாவம் பார்த்ததும் உண்மை, ஒரு இழை கிடைக்கும் என்று பார்த்ததும் உண்மை. போய்க் கயிற்றை அவிழ்த்தான்.

மழை நாளெல்லாம் கட்டுண்டு கிடந்த கன்று அது. அவிழ்த்த நொடியில் வாலைத் தூக்கிக்கொண்டு, நாலு காலும் நிலத்தில் படாமல் ஒரு துள்ளல் துள்ளியது பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தத் தேவதூதன் முகத்திலும் பார்த்ததில்லை. நேராகப் பாவுக்குள் போய் விழுந்தது. பட் பட் பட்டென்று இழைகள் அறுந்தன. பாவின் ஒரு ஓரம் முழுக்கப் பிய்ந்து, ஈரக் கஞ்சியோடு தொங்கியது.

கன்னியம்மா அக்கா கன்றைத் திட்டினார், எட்வினைத் திட்டினார், எங்களைப் பெற்றவர்களை, எங்கள் டீச்சரை, எல்லோரையும் திட்டினார். நைனா அறுந்த இழைகளைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதை நிறுத்தி அக்கா அவரைப் பார்த்தார்.

"முடிஞ்சுடலாம்ல?" என்றார், குரலை இறக்கி.

"எத்த வெச்சு முடியறது? இருக்கறத இழுத்து முடிஞ்சா இறுகிக்கினு மறுபடி அறும். நடுவுல ஒட்டு இழை வோணும். புது இழைக்குச் சாயம் போட்டா வேற மாரி நிக்கும், ஒடம்பு பூரா கோடு கோடாத் தெரியும். அதே சாயத்துல மிஞ்சினதெல்லாம்..." என்று சொல்லி நிறுத்தியவர், தலையில் கை வைத்துக்கொண்டார். "கஞ்சி காயறதுக்குள்ள முடியணும் வேற."

மிஞ்சினதெல்லாம் எங்கள் தோள்களில் இருந்தது. அவருக்கும் அது தெரியும். ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

எட்வின் அழுதுகொண்டிருந்தான். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. அவன் இனி ஒரு இழையும் வாங்கப் போவதில்லை, சிறகு எனக்குத்தான், அதில் சந்தேகமே இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நைனா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது என் கை தானாகத் தோளுக்குப் போனது. அந்த நேரத்தில் ஆண்டவர் நினைவுக்கு வந்தார், வேத வசனம் நினைவுக்கு வந்தது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். எதுவும் வரவில்லை. ஊக்கு சீக்கிரம் கழலவில்லையே என்ற ஆத்திரம்தான் வந்தது.

"இந்தாங்க நைனா. அதே சாயம்."

அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். கன்னியம்மா அக்காதான் வெடுக்கென்று பிடுங்கி, பாவின் மேல் வைத்து நிறம் பார்த்து, "எழுந்திருய்யா!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் தெருவே வந்தது. தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது, பெண்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாவின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். எட்வின் தன் குஞ்சத்தைப் பிய்த்துக் கொடுத்தான், பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் கொடுத்தார்கள். காணாமல் போகாத ஆடு, கலந்துபோன துணி, குப்பைக்குப் போன பூசணிப் பூ என்று எங்கள் நற்செயல்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுத் தங்கையின் பாவில் முடியப்பட்டன. பெண்களின் விரல் போகிற வேகத்தில் எது யாருடையது என்று பார்க்க முடியவில்லை. நாங்கள் இழை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தோம். யாரோ ஒரு பெண் கன்றுக்குட்டியைப் பற்றி ஏதோ சொல்ல, ஒருத்தி சிரிக்க, அது பாவு நெடுக ஓடி, கடைசியில் நைனாவும் சிரித்தார்.

கஞ்சி காய்வதற்குள் முடித்துவிட்டார்கள். நன்றி என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் பாவுக்கு வந்த கைக்கு நன்றி கிடையாது. கன்னியம்மா அக்கா எங்களைச் சுவரோரமாக வரிசையாக உட்கார வைத்து, தன் வீட்டு லோட்டாக்களில் வெல்லக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அந்த வீட்டில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கையை ஏந்தத்தான் வேண்டும். அன்றுதான் முதல் முறையாக லோட்டாவில் வாய் வைத்துக் குடித்தோம். அதைக் கூலி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அக்கா அதே மாலை, கன்றைப் பார்க்கப் போன எட்வினை வழக்கம் போலத் துடைப்பத்தோடு துரத்தினார்.

கோயிலுக்குப் போனபோது பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்திருந்தது. டீச்சர் வாசலிலேயே நின்றார். கஞ்சிக் கையும் வெறும் தோளுமாக நின்ற எங்களைப் பார்த்து, "எங்க பிள்ளைங்களா குஞ்சம்?" என்றார்.

எட்வின்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவுல இருக்குது டீச்சர்" என்றான்.

கதை முழுவதையும் கேட்டபோது டீச்சர் முகம் பல விதமாக மாறியது. கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "இப்ப நான் யாருக்குடா ரெக்கை குடுக்கறது?" என்றார்.

யாருக்குமென்று தனியாகக் கொடுக்க முடியவில்லை. ஆகவே அந்த வருஷம் எல்லோருக்கும் கொடுத்தார். பழைய சிறகு இரண்டை வைத்துக்கொண்டு அளவெடுத்து, அட்டைப் பெட்டிகளை வெட்டி, தெரு முழுக்கக் கேட்டு வாங்கிய சரிகைத் துணுக்குகளை ஒட்டி, எங்கள் எல்லோரையும் தேவதூதர்களாக்கிவிட்டார். நாடகத்துக்கு முந்தின நாள்தான் மேய்ப்பர்கள் ஒருவரும் மிச்சமில்லை என்பது அவருக்கு உறைத்தது. நைனாவின் பையன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். நெற்றியில் விபூதியும் கையில் பாவுக் கழியுமாகப் பெத்லகேம் மேய்ப்பர்கள் நின்றதை எங்கள் சபை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தக் கன்றுக்குட்டியும் தொழுவத்தில் கட்டப்பட்டிருந்தது. கயிற்றை ஐயரே கையில் பிடித்திருந்தார். நற்செய்தியை நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தியதில், மேய்ப்பர்கள் உண்மையாகவே பயந்துபோனார்கள். கன்னியம்மா அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து, "அது எங்கூட்டு சரிகை" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு டீச்சர் இழை கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நல்லது செய்வது நின்றுவிட்டதா என்றால் இல்லை, தெருவுக்குத் தொந்தரவுதான் குறைந்தது. பெரியவளாகி, நர்ஸ் வேலைக்குப் படித்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போன பிறகு, எதற்காக நல்லது செய்ய வேண்டும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பரலோகத்தில் பலன் உண்டு என்றார்கள், நரகத்துக்குத் தப்பலாம் என்றார்கள். எனக்கு அம்மா அடுப்படியில் சொன்னதே போதுமாக இருந்தது. எங்களுக்கு வேண்டியதை ஆண்டவர் முதலிலேயே கொடுத்துவிட்டார் என்று அம்மா நம்பினார், ஆகவே கேட்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை, கொடுப்பதற்கு மட்டும் ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. அந்த நிறைவு கையில் என்ன செய்யும் என்பதை, ஊக்கைக் கழற்றத் தெரியாமல் திணறிய அந்தக் காலையில் நானும் கொஞ்சம் கண்டுகொண்டேன். நினைத்தால் இன்றும் சிரிப்பும் சந்தோஷமும் வருகிறது.

இப்போது அம்மா இல்லை, டீச்சர் இல்லை, நைனாவும் அக்காவும் இல்லை. ஞாயிறு பள்ளிப் பாய் போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. எங்கள் பழைய தெருவில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற நிற்பில் பாவு விரிக்க யாருக்கும் தோன்றாது. எட்வின் மட்டும் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்தவன், கன்றுக்குட்டி என்று சொன்னால் இன்னும் முகம் சிவக்கிறான்.

போன தையில் அவன் பேத்தி கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது, என் வயதுக்குக் கொஞ்சம் மூத்த ஒரு அம்மாள் பழைய அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அரக்கு எனக்குத் தெரியும். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை எனக்குக் கிடைத்தது. முந்தானை என் மடியில் வந்து விழுந்தபோது கை பரபரத்தது. ஓரத்தை ஒரு முறை புரட்டினால் போதும், உள்பக்கத்தில் முடிச்சுகள் இருக்கின்றனவா என்று விரலே சொல்லிவிடும். இது உங்கள் கல்யாணப் புடவையா, உங்களுக்கு ஒரு அக்காள் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டாலும் போதும்.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இத்தனை வருஷம் கழித்துப் போய்க் கூலி கேட்டது போல் ஆகியிருக்கும். பாயசம் சிந்திவிடாமல் முந்தானையை மெல்ல எடுத்து அவர் மடியில் வைத்தேன். "நல்ல வேளைம்மா, பாத்தீங்க. பழைய பொடவ, ஆனா ஒரு இழை போவல பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட ஆரம்பித்தார்.